தாயி நிற்கும் வாசல்

ஹல்துமுல்லையில் பிரதான வீதியோடு என் கடை. தவிடு, மாட்டுத் தீவனம், கயிறு, தார்ப்பாய், மருந்தடிக்கும் பம்புக்கு வாஷர், இப்படி எதையாவது விற்றுக்கொண்டிருப்பேன். குதிரைக்கென்று ஒருவர் வந்து தவிடு கேட்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. 2018இல் ஒரு நாள் ஒல்லியாக ஒரு மனிதர் வந்து நின்றார். மூட்டைக்குள் கையை விட்டார், ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார், திரும்பக் கொட்டினார்.

"இது பழசுங்க நானா. மாடு திங்கும். குதிர தின்னா செத்துப்போகும்."

முஸ்லிம் கடைக்காரரை இங்கே நானா, அதாவது அண்ணன், என்பார்கள். என் கடையில் நின்றுகொண்டே என் தவிட்டைப் பழசு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் போன பிறகு நானும் மோந்து பார்த்தேன். பழசுதான்.

அப்படித்தான் ரெங்கசாமி எனக்குப் பழக்கமானார். மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவைக் கொழும்பு மேடம் ஒருவர் வாங்கி விடுதியாக்கியிருந்தார். நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த இரண்டு குதிரைகளை வாங்கி வந்தபோது, அவற்றோடு ரெங்கசாமியும் வந்தார். பதினேழு வயதில் பந்தயத் திடலுக்குக் குதிரை கழுவப் போனவர், தலை நரைத்த பிறகுதான் திரும்பினார். லாயத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு பிளேட். இரண்டாவது பிளேட் கிடையாது என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருமுறை நான் போனபோது எனக்குப் பிளேட்டில் சோறு போட்டுவிட்டு அவர் சட்டி மூடியில் போட்டுச் சாப்பிட்டார்.

வேலை இதுதான். காலை எட்டு மணிக்கு ஒரு வெள்ளைக்காரரைக் குதிரையில் ஏற்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். தோட்டத்து ரோட்டில் இறங்கி, லயத்தின், தொழிலாளர் வரிசை வீடுகளின், வாசல்களை உரசிக்கொண்டு போகும் பாதையில் ஏறி, தேயிலை முடிகிற இடத்தில் எல்லைக்கல்லைத் தாண்டினால் பத்தனை. மரமில்லாத புல்மலை. இடுப்பளவு மானாப்புல், அங்கங்கே குட்டையாக ஒரு நெல்லி, மற்றதெல்லாம் காற்று. அரசாங்கத்து நிலம்; யாரும் போகலாம், ஆனால் யாரும் போவதில்லை. ஆடி மாதத்தில் அந்தக் காற்று ஆளையே தள்ளிவிடும். உச்சியில் நின்றால் தெற்கே கீழ்நாடு முழுக்கத் தெரியும், தூரத்தில் ஒரு குளம் தகரம் போல மின்னும். வெள்ளைக்காரர் படம் எடுப்பார். ரெங்கசாமி சேணத்து வாரைத் தளர்த்திவிட்டுக் காத்திருப்பார். பிறகு அதே வழியாக இறக்கம். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் இரண்டு வாக்கியம்: மேடு ஏறும்போது முன்னால் சாயச் சொல்ல ஒன்று, இறங்கும்போது பின்னால் சாயச் சொல்ல ஒன்று. மீதி இரண்டு மணி நேரமும் வாய் திறக்க வேலை இல்லை.

ஆள் வராத நாட்களில் அவரே ஏறிப் போவார். குதிரைக்கு நடை வேண்டுமாம். வீதியில் நின்று பார்த்தால் மலை விளிம்பில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். பஸ்ஸில் போகிறவர்கள் கை காட்டுவார்கள். அங்கே இருப்பவருக்கு அது தெரியாது.

மேடத்துக்கு அவர் ரெங்கா. வெள்ளைக்காரர்களுக்கு ரெங். எனக்கு ரெங்கசாமி, என்னைவிட நாலு வயது மூத்தவர்தான், ஆனால் கல்லாவில் உட்கார்ந்தவன் வாயில் மரியாதை சட்டென்று வராது. லயத்தில் அவரை யாரும் எதுவும் கூப்பிடுவதில்லை. வாசலுக்கு வாசல் மாமா, மச்சான், சித்தப்பா, அண்ணே என்று முறை சொல்லிக் கூப்பிடுகிற இடம் அது. அவர் பிறந்ததும் அங்கேதான், அந்த லயத்தின் ஆறாம் அறையில், ஆறாம் காம்பிராவில். கூப்பிட வேண்டிய சொந்தமெல்லாம் அங்கேயே இருந்தது. குதிரை வாசலைத் தாண்டும்போது சின்னப் பிள்ளைகள் மட்டும் ஓடிவருவார்கள். பெரியவர்கள் உள்ளே ஏதோ வேலை இருப்பது போலப் போய்விடுவார்கள்.

காரணம் முப்பது வருடத்துக்கு முந்தியது. 1993 சித்திரை. நுவரெலியாவில் பந்தய மாதம். காலையில் தந்தி வந்தது, அம்மா இறந்துவிட்டாள் என்று. ரெங்கசாமி ஒரே மகன். தந்தி வந்த நேரம் அவர் கையில் ஒரு குதிரை வயிற்று வலியில் துடித்துக்கொண்டிருந்தது. குதிரைக்கு வயிற்று வலி என்றால் நம்முடையது போல இல்லை. அதற்கு வாந்தி எடுக்க முடியாது. படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொண்டு செத்துவிடும். விடாமல் நடத்த வேண்டும். அந்தக் குதிரையோ வேறு எவன் கயிற்றைப் பிடித்தாலும் கடிக்கும். நடத்தினார். சாயங்காலம் குதிரை பிழைத்தது, பஸ் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் இவர் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது குழி மூடி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முதல் பிடி மண்ணைப் போட்டது சித்தப்பா.

சித்தப்பா மகள் இராக்கம்மா, அப்போது பதினாறு வயது. தாயில்லாத பெண், ரெங்கசாமியின் அம்மாதான் வளர்த்தாள். முகத்துக்கு நேரே கேட்டாளாம்: "பெத்தவளுக்கு ஒரு புடி மண்ணு போட வராதவனுக்கு இங்க என்ன வேல? குதிரகிட்டயே போ." அவரும் போனார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை, அவள் பேசாததால் லயமும் பேசவில்லை. அவர் திரும்பி வந்த பிறகும் அப்படியே. கொழுந்துக்கூடையோடு எதிரே வந்தால் பாதை ஓரமாக ஒதுங்கி மலையைப் பார்ப்பாள்.

"அவ சொன்னது ஞாயந்தானுங்க நானா" என்பார் ரெங்கசாமி, தவிட்டைச் சலித்துக்கொண்டே. எனக்கு எரிச்சல் வரும். நியாயம் என்றால் ஏன் ஐயா அந்தப் பாதையாலேயே தினம் போகிறீர், சுற்றுவழி ஒன்று இருக்கிறதே என்று கேட்டிருக்கிறேன். அந்த வழியில் கல் அதிகம், குளம்பு தேயும் என்றார். குளம்பு என்று அவர் சொன்னதை நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

2022இல் விடுதிக்கு ஆள் வரத்து நின்றது. மேடம் ஒரு குதிரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். மிஞ்சியது வெள்ளைக் குதிரை. பந்தயக் காகிதத்தில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர், ரெங்கசாமிக்குத் தாயி. சோடி போன பிறகு தாயி பத்தனை உச்சிக்குப் போனதும் வடக்கே பார்த்துக் கனைக்கும். காதை முன்னால் வைத்துக்கொண்டு பதில் வருகிறதா என்று நிற்கும். வராது. "தனியா இருக்கிற சாதி இல்லீங்க இது" என்றார் ஒருநாள். நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க அன்று எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த வருடம் ஆடியில் ஒருநாள் கடைக்குள் நுழைந்தவர் ஒரு மாதிரியாகச் சிரித்தார். வெள்ளை வேட்டி எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டார்.

"என்ன ரெங்கசாமி, கலியாணமா?"

"வெத்தல பாக்கு வச்சிட்டாங்க நானா."

லயத்துக்கு மேலே முனியாண்டி கோயில் இருக்கிறது. அங்கே இருந்த மண் குதிரை அந்த வருட மழையில் மண்சரிந்து உடைந்துபோனது. திருவிழா ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஜீவன், முப்பத்தைந்து வயதுக்காரர், பழைய கதையெல்லாம் அவருக்குச் செவிவழிதான். உயிரோடு ஒரு வெள்ளைக் குதிரை இருக்கும்போது மண் குதிரை எதற்கு என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறார். ஐந்து பேர் தட்டோடு லாயத்துக்கே போய் முறையாக அழைத்திருக்கிறார்கள். அது பெண் குதிரை என்று ரெங்கசாமி சொல்லிப் பார்த்தாராம். சாமி ஏறிப் போகிறதுக்கு ஆண் என்ன, பெண் என்ன என்று பூசாரி சொல்லிவிட்டார்.

தட்டை எப்படி நீட்டினார்கள், யார் பேசினார்கள், எத்தனை வெற்றிலை என்பதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். முப்பது வருடமாக எந்தக் கலியாணத்துக்கும், எந்தச் சாவுக்கும் அவரை யாரும் அழைத்ததில்லை. வேட்டிக்கு ஆளும் கடையும் சொல்லி அனுப்பினேன். வீட்டில் மனைவி ஸிஹாமாவிடம் சொன்னேன். "அந்த மனுசன் அழாம இருந்தாச் சரி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போய் ரோட்டோரம் நின்றேன். தாயியைப் பார்க்க வேண்டுமே! குளிப்பாட்டி, பிடரி சீவி, கழுத்தில் செவ்வந்தி மாலை, முதுகில் சிவப்புப் பட்டு. தப்பு மேளச் சத்தத்துக்கு மிரளவே இல்லை. பந்தயக் கூட்டத்தைப் பார்த்த குதிரை. முன்னால் ரெங்கசாமி, புது வேட்டியில். நடையே மாறியிருந்தது.

லயத்துக்குள் நுழைந்தது ஊர்வலம். சாமி வாசலுக்கு வருகிறபோது வெறும் கையோடு நிற்க முடியுமா? முதல் வாசலில் ஒரு கிழவி தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். ரெங்கசாமி குனிந்து ஏதோ சொன்னார், கையைக் குறுக்கே வைத்தார். கிழவி தட்டைக் குதிரைக்குக் காட்டிவிட்டு விலகினாள். இரண்டாம் வாசலிலும் அப்படியே. நல்லது, குதிரைக்குப் பொங்கல் ஆகாது, மனிதருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று நினைத்தேன். ஆறாம் காம்பிரா வாசலில் இராக்கம்மா நின்றாள். அவள் கையிலும் தட்டு. அவள் ஏதோ சொன்னாள். தப்புச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ரெங்கசாமியின் கை கீழே இறங்கியது.

தாயி தட்டைத் துடைத்துத் தின்றது. அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி. ஒரு வாசலில் கொடுத்துவிட்டு மறு வாசலில் எப்படி மறுப்பது? பொங்கல், தேங்காய், வாழைப்பழம், கடலை, வெல்லம். இருபத்துநாலு காம்பிரா. பழைய தவிட்டை மோந்து பார்த்தே திருப்பிக் கொடுத்த மனிதர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார். நான் அங்கிருந்து கத்தியிருக்கலாம். அவர்கள் சாமி காரியத்தில் நான் வாயை விடுவது சரியில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு. "நானா, தாயி வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது" என்றார். பண்டாரவளையில் ஒரு மிருக வைத்தியரைப் பிடித்தேன். வர மத்தியானம் ஆகும், அதுவரை படுக்கவிடாமல் நடத்தச் சொல் என்றார். நான் கடை வானை ஓட்டிக்கொண்டு போனேன். லாயம் காலி. விடுதி முற்றம் முழுக்கக் கல் பாவியது. மெத்தென்ற சமதரை பத்தனையில்தான் உண்டு. தினம் போகிற அதே பாதையில், முதுகில் ஆள் இல்லாமல், அவர் அதை நடத்திக்கொண்டு போயிருந்தார்.

நான் மூச்சு வாங்க எல்லைக்கல்லுக்கு ஏறிப் போனபோது எனக்கு முன்னாலேயே லயத்தில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். குதிரை உடம்பெல்லாம் வேர்த்து நடுங்குகிறது, காலால் மண்ணைப் பறிக்கிறது, பல்லைக் கடிக்கிறது, விழுந்து புரளப் பார்க்கிறது. நேற்று சாமியைச் சுமந்த குதிரை. அவர்களுக்கு அது வேறு எப்படித் தெரியும்? சாமி இறங்கவில்லை, குதிரை மேலேயே நிற்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். தப்பு வந்தாயிற்று, வேப்பிலை வந்தாயிற்று. பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு நின்றார்கள். பூசாரி எலுமிச்சம்பழத்தை நீட்டி, "யாரு வந்திருக்கிறது, சொல்லு! என்ன வேணும், சொல்லு!" என்று தாயியிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வழிய விடுங்க, நடக்கணும்" என்று ரெங்கசாமி கெஞ்சினார். யாரும் விடவில்லை. கெஞ்சுவது குதிரைக்காகவா சாமிக்காகவா என்று அவர்களுக்குப் புரியவில்லை. இராக்கம்மா முன்னால் வந்து கைகூப்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் கொடுத்த பொங்கலைச் சாமி ஏற்றுக்கொண்டது என்ற சந்தோஷம். இன்னொரு தட்டு கொண்டுவந்திருந்தாள். தாயியின் முன்னங்கால் மடிந்தது.

அப்போதுதான் அவர் கத்தினார். அந்த மனிதருக்குள் அத்தனை பெரிய குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"சாமியுமில்ல, பூதமுமில்ல! வயித்து வலி! நீங்க குடுத்த சோறுதான் அதக் கொல்லுது! தள்ளுங்க!"

தப்பு நின்றது. காற்று மட்டும் புல்லில் அடித்துக்கொண்டிருந்தது. இராக்கம்மா தட்டைப் பார்த்தாள்.

"அப்ப நா வெசம் வச்சேங்கிறீங்களா?"

பதில் சொல்ல நின்றால் தாயி படுத்துவிடும். கயிற்றை இழுத்துக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தார். ஜீவன் இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தை ஒதுக்கினார். ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். பெண்கள் மஞ்சள் தண்ணீரை எல்லைக்கல் அருகே கொட்டிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். ரெங்கசாமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உச்சி வரை போவார், திரும்புவார், கல் வரை வருவார், திரும்புவார். நான் நெல்லி மரத்தடியில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கி, நாற்பதோடு விட்டுவிட்டேன். இரண்டு மணிக்கு வைத்தியர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். ஐந்தரைக்குத் தாயி வாலைத் தூக்கி, பத்தனை மணக்க மணக்கச் சாணி போட்டது. ரெங்கசாமி அந்தச் சாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் சிரிக்க நினைத்தேன், முடியவில்லை.

குதிரை பிழைத்தது. லயம் போனது. கோயிலுக்கு மறு வருடம் சீமெந்தில் ஒரு குதிரை கட்டினார்கள். அதற்கு எதை ஊட்டினாலும் ஒன்றும் ஆகாது. திருவிழாவுக்கு யாரும் லாயத்துப் பக்கம் வரவில்லை. வேட்டி பெட்டியில் கிடக்கிறது.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. போன மாசம் தவிடு வாங்க வந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏன் மனுசா, மொத ரெண்டு வாசல்லயும் மறிச்சீங்க. ஆறாம் வாசல்ல வாணாம்னு ஒரு வார்த்த சொல்ல ஏலாமப் போச்சா?"

அவர் சலிப்பதை நிறுத்தினார்.

"அவ 'சாப்பிடட்டும் அண்ணே'ன்னா நானா."

"அதுக்கு?"

"அண்ணேன்னா."

கடையில் வேறு ஆளில்லை. அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும். நானாவது ஒரு முறை அண்ணன் என்று கூப்பிடலாமே என்று வாயெடுத்தேன். ஏழு வருடம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாக்கு, புரளவில்லை. மூட்டையைக் கட்டிக் கொடுத்தேன்.

போன கிழமை கடையை மகனிடம் விட்டுவிட்டு மேலே ஒரு பம்பைக் கொடுக்கப் போனேன். திரும்பும்போது ரெங்கசாமி இறங்கி வந்துகொண்டிருந்தார். தாயி முதுகில் பிரெஞ்சுக்காரப் பெண் ஒருத்தி. லயத்துப் பாதையில் நானும் சேர்ந்து நடந்தேன். ஆறாம் காம்பிரா வாசலில் தாயி நின்றது. அந்தப் பெண் குதிகாலால் தட்டினாள். அசையவில்லை. வாசலைப் பார்த்துக் கழுத்தை நீட்டி, உதட்டை ஆட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்குத் தின்ற பொங்கலை அது மறக்கவில்லை. செத்துப் பிழைத்ததை மறந்துவிட்டது.

"தினமும் இப்பிடித்தானா?"

"தினமுங்க."

"இழுத்துக்கிட்டுப் போறதுக்கென்ன?"

கயிறு ரெங்கசாமியின் கையில் தளர்ந்து கிடந்தது. குதிரையைப் போலவே அவரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம். அது நின்றது. பிறகு உள்ளேயிருந்து, வெளியே வராமல், கடுகடுவென்று இராக்கம்மாவின் குரல்:

"இங்க ஒண்ணும் இல்ல. அத இழுத்துக்கிட்டுப் போங்கண்ணே."

பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது. ரெங்கசாமி கயிற்றைச் சுண்டி, "வா தாயி" என்றார். அது வந்தது. குளம்பு தேயாத அந்தப் பாதையால் நாளைக்கும் போவார்.